வெள்ளை உறைக்குள்ளே

காலை ஏழு மணிக்கு ஞானகுமாரி சிஸ்டர் கைக்குட்டையை எடுத்தாள் என்றால் அந்த வார்டில் ஆயாக்கள் கைவேலையைப் போட்டுவிட்டு நின்றுவிடுவார்கள்.

வெள்ளைக் கைக்குட்டை. அதை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு ஜன்னல் கட்டையில் ஒரு இழு இழுப்பாள். கட்டில் காலில் ஒரு இழு. மருந்து அலமாரியின் தலையில் ஒரு இழு. பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். துணியில் கொஞ்சம் சாம்பல் நிறம் தட்டுப்பட்டால் போதும், அன்றைக்கு யாருக்கோ அர்ச்சனைதான்.

அன்று திங்கட்கிழமை. கைக்குட்டை வெள்ளையாகவே திரும்பி வந்தது. ஆயா பொன்னம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"இன்னிக்கி நம்ம தலை தப்பிச்சுது" என்று பக்கத்தில் இருந்த நர்சிடம் முணுமுணுத்தாள். "கோயில்ல கூட இம்மாம் சுத்தம் பாக்க மாட்டாங்கம்மா."

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி டாக்டர் சண்முகசுந்தரம் நடத்திய இருபது கட்டில் நர்சிங் ஹோம் அது. வருடம் 1991. எஸ்டேட்டில் மெஷினிடம் கையையோ காலையோ கொடுத்தவர்கள் பாதிப்பேர் நேராக இங்கேதான் வருவார்கள். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே பினாயில் வாசனை மூக்கைத் துளைக்கும். கம்பெனி ஆட்கள் யாராவது வந்தால் டாக்டர் முதலில் காட்டுவது ஞானகுமாரியின் வார்டைத்தான். வார்டில் அவர் முக்கியமாகக் காட்டுவது டிரெஸ்ஸிங் ரூமை.

அங்கே மேஜை மேல் மூன்று எவர்சில்வர் டிரம்கள். கட்டுப் போடும் துணியும் பஞ்சும் அவற்றுக்குள்தான் அடுக்கி வைக்கப்பட்டு, நீராவியில் வெந்து வரும். மூன்றுக்கும் வெள்ளைத் துணியில் உறை. உறையின் நடுவில் சிவப்பு நூலில் சிலுவை, ஓரத்தில் மல்லிகைக் கொடி. ஆவடி வீட்டில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ஞானகுமாரியே உட்கார்ந்து போட்ட தையல். ரேடியோவுக்கு உறை, மிக்சிக்கு உறை, டி.வி.க்கு உறை என்று வீட்டுக்கு வீடு உறை போட்ட காலம். ஆஸ்பத்திரி டிரம்முக்கு உறை போட்டவள் அவள் ஒருத்திதான். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். உறையைத் தூக்கி அடியில் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

ஆறாம் நம்பர் கட்டிலில் பரந்தாமன் படுத்திருந்தான். வயது முப்பத்தொன்று. வீடு மேனாம்பேட்டில். தகரக் கம்பெனி ஒன்றில் பிரஸ் ஆபரேட்டர். ஆறு நாட்களுக்கு முன் தகட்டின் விளிம்பு அவனுடைய வலது உள்ளங்கையைக் குறுக்கே கிழித்துவிட்டது. எலும்பு தப்பித்தது. விரல் ஐந்தும் தப்பித்தன. ஒன்பது தையல் போட்டு, "அஞ்சாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம்பா" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஐந்தாம் நாள் லேசாகக் காய்ச்சல் அடித்ததால் அனுப்பவில்லை. ஆறாம் நாளாகிய இன்று ஞானகுமாரி கட்டைப் பிரித்தாள்.

துணி பச்சையாக இருந்தது.

இலையை அரைத்துத் தடவினாற்போல ஒரு பச்சை. கூடவே, இனிப்பு கெட்டுப்போன மாதிரி ஒரு வாடை. தையல் ஓரமெல்லாம் வீங்கிப் பளபளத்தது.

ஞானகுமாரி துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பச்சைச் சீழ் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். நர்சிங் படிக்கும்போது பாடத்தில் வந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே வளர்ந்து, ஆஸ்பத்திரி மருந்துகளுக்கே பழகிப்போன கிருமி அப்படித்தான் நிறம் காட்டும். ஆனால் இது அவளுடைய வார்டு. பதினோரு வருஷமாகக் கைக்குட்டை வெள்ளையாகத் திரும்பி வருகிற வார்டு. இங்கே அது வராது. வரக் கூடாது.

அந்த நேரம் பார்த்துத்தான் வடிவு உள்ளே வந்தாள். பரந்தாமனின் மனைவி. கையில் இரண்டடுக்கு டிபன் கேரியர். சேலை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

ஞானகுமாரியின் கண் அவளுடைய விரல்களில் போய் நின்றது.

"கையை நீட்டு."

"இன்னாத்துக்கு சிஸ்டரம்மா?"

"நீட்டுன்னா நீட்டு."

வடிவு கேரியரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். நகக்கண் வரைக்கும் பச்சைக் கறை.

"என்ன பச்சிலை வெச்சுக் கட்டினே?"

"பச்சிலையா? ஐய, இது கீரக்கறை சிஸ்டர். திருவேற்காட்டாண்ட போய் கீர அறுத்து, கட்டு கட்டி, ஓ.டி. மார்க்கெட்டுல வித்துட்டு நேரா வந்துகினு கீறேன். கறை சொரண்டினாலும் போவாது."

"கதை சொல்லாதே. இந்தத் துணியைப் பாரு, உன் கையைப் பாரு. ரெண்டும் ஒரே நிறம்."

"சிஸ்டர்," பரந்தாமன் தலையணையிலிருந்து எழ முயன்றான். "அவ கட்டைத் தொடக்கூட இல்ல சிஸ்டர். சோறு ஊட்டிட்டுப் போயிடுவா. சாமி சத்தியமா."

"நீ சும்மா கிட. பொண்டாட்டியை விட்டுக் குடுப்பியா நீ? இருபது வருஷமா பாக்கறேன் உங்களை மாதிரி ஆளுங்களை. இங்க ஊசியும் போட்டுக்குவீங்க, வீட்ல எவனோ சொன்னான்னு இலையையும் வெச்சுக் கட்டுவீங்க. கை அழுகினா ஆஸ்பத்திரி சரியில்லைம்பீங்க."

எட்டாம் கட்டில்காரர் காலில் மாவுக்கட்டோடு படுத்தபடியே தலையைத் திருப்பினார். "இதுங்களுக்குச் சொல்லி ஆவாது சிஸ்டர். அழுக்குல பொறந்து அழுக்குல வளந்ததுங்க."

யாரோ சிரித்தார்கள்.

ஞானகுமாரி விடவில்லை. எல்லாரும் பார்க்க வடிவை வாஷ்பேசினுக்கு அழைத்துப்போய், டெட்டால் ஊற்றிக் கையைத் தேய்க்கச் சொன்னாள். ஒருமுறை. இரண்டுமுறை. கறை போகவில்லை. வடிவின் கண்ணிலிருந்து வழிந்தது பேசினுக்குள் விழுந்தது.

"இனிமே நீ உள்ள வரக் கூடாது. சோறு குடுக்கணும்னா கேட்ல குடுத்துட்டுப் போ."

வடிவு வாசலில் செருப்பைத் தேடி நின்றதை வார்டே வேடிக்கை பார்த்தது. ஞானகுமாரி நாற்காலியில் உட்கார்ந்து கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினாள். நோயாளியின் மனைவி புண்ணில் நாட்டு மருந்து வைத்துக் கட்டியதால் சீழ் பிடித்திருக்கிறது.

கண்ணால் பார்க்காததைக் கையால் எழுதினாள்.

பதினோரு மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சண்முகசுந்தரம் அந்த வரிகளைப் படித்து, "இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாது" என்று உதட்டைப் பிதுக்கினார். காரணம்தான் தெரிந்துவிட்டதே! சீழை எடுத்து லேபுக்கு அனுப்பவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவளும் சொல்லவில்லை. சளி என்று வந்தாலும் சிரங்கு என்று வந்தாலும் அந்த நர்சிங் ஹோமில் எந்த ஊசி போடுவார்களோ, அதையே இரண்டு வேளைக்குப் பதில் மூன்று வேளையாக்கினார்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் நூற்று மூன்று. வீக்கம் மணிக்கட்டைத் தாண்டியது.

அன்று மாலை கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் லோகநாதன் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். கேஸ் ஷீட்டைப் பற்றி டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபின் பழங்களை ஸ்டூலில் வைத்துவிட்டு நின்றபடியே பேசினார்.

"பரந்தாமா, மெஷின்ல அடிபட்டா கம்பெனி பாத்துக்கும். நீங்களே இலை வெச்சுக் கெடுத்துக்கிட்டா அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்? கை சரியானாத்தான் வேலை. மேல இருக்கறவங்க அப்படித்தான் சொல்றாங்க. என்னைத் தப்பா நெனைக்காதே."

"அண்ணாத்தே, அவ ஒண்ணும் வெக்கல அண்ணாத்தே…"

லோகநாதன் வாட்சைப் பார்த்தார்.

டாக்டர் போகிற போக்கில் ஞானகுமாரியிடம் சொன்னார்: "சனிக்கிழமை வரைக்கும் பாப்போம். இறங்கலேன்னா மணிக்கட்டோட எடுத்துட வேண்டியதுதான். உயிராவது மிஞ்சும்."

கேட்டுக்கு வெளியே வாதுமை மரத்தடியில் வடிவு உட்கார்ந்திருந்தாள். சோற்றைப் பொன்னம்மாளிடம் கொடுத்தனுப்பிவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்டாள். "வெரலை ஆட்டறாராக்கா?"

"ஆட்டறாரு, ஆட்டறாரு. நீ ஊட்டுக்குப் போ" என்பாள் பொன்னம்மாள். அவள் சொன்னது பொய்.

புதன்கிழமை காலை. ஏழாம் கட்டிலில் ஜேம்ஸ் என்று ஒருவர். குடல்வால் ஆபரேஷன் ஆகி நான்கு நாள். மனைவி பிரசவத்துக்கு வேலூர் போயிருந்தாள். அவரைப் பார்க்க ஒரு ஈ காக்கை வரவில்லை. வயிற்றுக் கட்டைப் பிரித்த ஞானகுமாரியின் கை அப்படியே நின்றது.

பச்சை. அதே பச்சை. அதே வாடை.

"இன்னா சிஸ்டர், ஏதாவது கோளாறா?" என்றார் ஜேம்ஸ்.

"ஒண்ணுமில்ல."

அவள் கண் ஆறாம் கட்டிலுக்குப் போய்த் திரும்பியது. இந்த மனுஷனுக்கு யார் வந்து இலை வைத்தார்கள்? எந்தக் கீரைக்காரி வந்தாள்?

டாக்டரைக் கேட்காமலே இரண்டு பேரின் சீழையும் பஞ்சில் தொட்டுக் கண்ணாடிக் குழாயில் போட்டு, மாடியில் இருந்த லேபுக்கு அவளே எடுத்துப் போனாள். லேப் டெக்னீஷியன் சுலைமான் பூந்தமல்லிக்காரன். முப்பது வயதிருக்கும். குழாய்களைத் திறந்து மோந்து பார்த்ததுமே அவன் புருவம் உயர்ந்தது.

"ரெண்டும் ஒரே சாமான் சிஸ்டர். இவனைத் தெரியும் எனக்கு. மெடிக்கல் காலேஜ்ல வேலை பாத்தப்போ பாத்திருக்கேன். நம்ம ஊசிக்கெல்லாம் மசிய மாட்டான். ஆறாம் நம்பருக்கு எப்ப ஆரம்பிச்சுது?"

"திங்கக்கிழமை."

"திங்கக்கிழமையா? இன்னிக்கு புதன். ரெண்டு நாளா எனக்கு ஏன் அனுப்பல?"

ஞானகுமாரி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"சரி, அது போவட்டும். ரெண்டு பேருக்கும் பொதுவா என்ன இருக்கு? ஒரே தண்ணியா, ஒரே கத்தரிக்கோலா?"

"கத்தரிக்கோல் தனித்தனி. கொதிக்க வெச்சு எடுக்கறோம். கட்டுத் துணி மட்டும் ஒரே டிரம்ல இருந்து எடுக்கறோம். ஆனா அது நீராவியில வெந்து வர்றது. என் டிரம்மை நீங்க சந்தேகப்படாதீங்க சுலைமான்."

"நான் யாரையும் சந்தேகப்படல சிஸ்டர். கொஞ்சம் பாக்கலாமா?"

இருவரும் டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்தார்கள். பொன்னம்மாள் மூலையில் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் முகத்தில் ஏனோ ரத்தம் இல்லை.

ஞானகுமாரி தன் கையாலேயே நடு டிரம்மின் உறையைத் தூக்கினாள்.

சரசரவென்று ஏதோ ஓடியது.

ஒன்றல்ல. நாலைந்து. அரிசியை விடக் கொஞ்சம் பெரிய, பழுப்பு நிறக் கரப்பான் குஞ்சுகள். வெதுவெதுப்பான இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த அதிர்ச்சியில் டிரம்மைச் சுற்றிச் சுற்றி ஓடின. அவற்றில் இரண்டு, கண்ணெதிரிலேயே டிரம்மின் பக்கவாட்டில் இருந்த ஓட்டைகளுக்குள் புகுந்து மறைந்தன.

அந்த ஓட்டைகள் நீராவி உள்ளே போவதற்காக வைத்தவை. வெந்து முடிந்ததும் டிரம்மைச் சுற்றியுள்ள தகரப் பட்டையைத் திருகி அவற்றை மூடிவிட வேண்டும். பட்டை துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தது. ஓட்டைகள் பாதிக்கு மேல் திறந்தே கிடந்தன.

"பொன்னம்மா!"

பொன்னம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள். "ரெண்டு மாசமா அந்தப் பட்டை திரும்ப மாட்டேங்குது சிஸ்டர். இஸ்துப் பாத்தேன், எண்ண போட்டுப் பாத்தேன். ஒண்ணும் நடக்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நான்தான் ஒடச்சேன்னு திட்டுவீங்க. போன வருசம் வாளி ஒடஞ்சதுக்கே மூணு நாளு வெளிய நிக்க வெச்சீங்க. மேலதான் உறை கீதே, தெரியாதுன்னு சூட்டோட சூடா மாட்டிட்டேன்."

"கரப்பான் வர்றதைப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். தட்டி வுட்டுட்டுத் துணிய எடுப்பேன். பூச்சிதானே சிஸ்டர்… எங்க ஊட்ல இல்லாத பூச்சியா?"

சுலைமான் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தான். புண் கழுவிய தண்ணீரைக் கொட்டும் தொட்டி. அதன் வாயில் இருக்க வேண்டிய சல்லடை மூடி இல்லை. கறுப்பாக ஒரு ஓட்டை. அதன் விளிம்பில் மீசை இரண்டு ஆடிக்கொண்டிருந்தன.

"இங்க புறப்பட்டு," என்று தொட்டியைக் காட்டினான், "அங்க போய்ச் சேருது. சீழ்ல நடந்த காலோட துணியில நடக்குது."

ஒரு கரப்பானை மூடி போட்ட சுத்தமான சீசாவில் பிடித்தான். கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டு ஒன்றில் அதை விட்டு, ஒரு நிமிஷம் நடக்கவிட்டான். பிறகு தட்டை மூடிச் சூட்டுப் பெட்டியில் வைத்தான். அன்றே மூன்று டிரம்களும் உறைகளும் தனியாக எடுத்து வைக்கப்பட்டன. கட்டுத் துணி வேறு இடத்திலிருந்து வந்தது. டாக்டரிடம் டிரம் கெட்டுவிட்டது என்று மட்டும் சொன்னாள் ஞானகுமாரி.

மறுநாள் காலை சுலைமான் அவளை மேலே கூப்பிட்டுத் தட்டை நீட்டினான்.

ஈர மண்ணில் கோழி நடந்த மாதிரி இருந்தது. ஆறு காலும் பட்ட இடத்திலெல்லாம் புள்ளி புள்ளியாகக் கிருமி முளைத்திருந்தது. அது வளைந்த இடம், நின்ற இடம், திரும்பிய இடம், ஒன்றுகூட விடாமல். புள்ளிகளைச் சுற்றித் தட்டே பச்சை பூத்திருந்தது. பக்கத்துத் தட்டுகள் இரண்டில் பரந்தாமனின் சீழும் ஜேம்ஸின் சீழும். மூன்றும் ஒரே பச்சை.

ஞானகுமாரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்ற பரிசோதனையும் முடிந்தது. மூன்று தட்டுக்கும் ஒரே முடிவு. ஒன்பது மருந்தில் எட்டுக்கு அந்தக் கிருமி அசையவில்லை. டாக்டர் மூன்று வேளையாக்கிய ஊசி அந்த எட்டில் ஒன்று.

"எடுத்ததுக்கெல்லாம் அதையே போட்டுப் போட்டு, கிருமிக்கு அது பழகிப்போச்சு சார்" என்றான் சுலைமான், டாக்டரின் அறையில், கரப்பான் கதை முழுவதையும் சொல்லி முடித்து. "ஒம்பதாவது மருந்து ஒண்ணுதான் கேக்கும். புதன்கிழமைக்குப் பதிலா திங்கக்கிழமையே சாம்பிள் வந்திருந்தா…"

டாக்டர் சண்முகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"மருந்தை டவுன்ல இருந்து உடனே வரவழைக்கறேன். ஆனா இந்தக் கரப்பான் சமாசாரம் இந்த ரூமோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா ஒரு கம்பெனி நம்மகிட்ட ஆள் அனுப்பாது. இருபது கட்டிலும் காலி. உங்க ரெண்டு பேர் வேலையும்தான்." குரலைத் தாழ்த்தினார். "கேஸ் ஷீட்ல காரணம் எழுதியிருக்கில்ல, சிஸ்டர்? அது அப்படியே இருக்கட்டும்."

சுலைமான் ஞானகுமாரியைப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தான்.

ஞானகுமாரி "சரி சார்" என்றும் சொல்லவில்லை, "முடியாது சார்" என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். அன்று முழுவதும் அவள் ஜன்னல் பக்கமே போகவில்லை. போனால் வாதுமை மரம் தெரியும்.

புது மருந்து வேலை செய்தது. வெள்ளி மாலையே காய்ச்சல் இறங்கியது. ஜேம்ஸின் வயிறு ஆற ஆரம்பித்தது. பரந்தாமனின் மணிக்கட்டும் தப்பித்தது. ஆனால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதற்குள் கறுத்துப்போயிருந்தன. சனிக்கிழமை காலை அவற்றை எடுத்துவிட்டார்கள்.

மெஷின் விட்டுவைத்த விரல்களை ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டது.

அன்று மதியம் இரண்டு மணி. டியூட்டி முடிந்து, ஆவடிக்கு ரயில் பிடிக்க ஞானகுமாரி படியிறங்கினாள். கேட்டருகே லோகநாதன் நின்றிருந்தார். கையில் டைப் அடித்த தாள், மை டப்பா. எதிரில் வடிவு.

"ஒரு கைநாட்டு வெச்சுடும்மா. மேல கேக்கறாங்க. நீ இலை வெச்சுக் கட்டினதாலதான் விரல் போச்சுன்னு எழுதியிருக்கு. ஆஸ்பத்திரியிலயும் அதேதான் எழுதியிருக்காங்க. நான் ஒண்ணும் புதுசா எழுதல."

வடிவு தாளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. லோகநாதனின் தோளுக்கு மேலாக வார்டு ஜன்னலைப் பார்த்தாள். "நான் வெச்சேன்னு சொல்லிட்டா என்னை உள்ள வுடுவாங்களா சார்?"

"அது… கேட்டுச் சொல்றேன்."

"ஆறு நாளாச்சு சார் அவரு மொகத்தைப் பாத்து. வெரலு எடுத்துட்டாங்கோன்னு ஆயாக்காதான் வந்து சொல்லிச்சு. ரெண்டா மூணான்னு கூடத் தெரியல. தண்ணி குடிக்கணும்னா யாரு டம்ளரைப் புடிச்சிகினு நிப்பாங்கோ? நானே வெச்சேன்னு எழுதிக்க. எல்லா இலையும் நான்தான் வெச்சேன்னு எழுதிக்க. உள்ள வுடச் சொல்லு, அது போதும். எங்க வெக்கணும் கைநாட்டு?"

கட்டைவிரலை மை டப்பாவில் வைத்து அழுத்தினாள்.

ஞானகுமாரி அந்த விரலைப் பார்த்தாள். செய்யாத குற்றத்துக்குத் தானே கை நீட்டும் ஒரு பெண். எதற்காக? புருஷனுக்குத் தண்ணீர் கொடுக்க. பதினோரு வருஷத்துப் பெருமையைக் காப்பாற்ற இவள் கையல்லவா தேவைப்பட்டது? முகமெல்லாம் எரிந்தது ஞானகுமாரிக்கு. படியிலிருந்து எப்படி இறங்கினாள், கேட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. லோகநாதனின் கையிலிருந்த தாளைப் பிடுங்கினாள்.

"சிஸ்டர்! என்ன பண்றீங்க?"

"இவ இலை வெக்கல."

"நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா. நான்தான் எழுதினேன். பாக்காம எழுதினேன். பொய்னு தெரிஞ்சே எழுதினேன்." லோகநாதன் குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிறுத்தவில்லை. "எங்க டிரெஸ்ஸிங் ரூம்ல கரப்பான் இருந்துது. சாக்கடையில இருந்த கிருமியைக் கட்டுத் துணிக்குக் கொண்டு வந்துது. அந்தத் துணியை இவ புருஷன் கையில கட்டினது நான். லேப்ல ரிப்போர்ட் இருக்கு. சுலைமானைக் கேளுங்க. உங்க மேலிடத்துல சொல்லுங்க, விரல் போனதுக்கு ஆஸ்பத்திரிதான் காரணம்னு."

சத்தம் கேட்டு டாக்டர் வாசலுக்கு வந்திருந்தார். "சிஸ்டர், உள்ள வாங்க. இது ரோடு."

"வரேன் சார். இவளையும் கூட்டிட்டுத்தான் வரேன்."

வடிவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். வடிவு பழக்கத்தில் வாசலில் செருப்பைக் கழற்றினாள். வார்டில் பேச்சு அடங்கியது. ஞானகுமாரி நடுவில் நின்று, கட்டிலில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, கேட்டில் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னாள். கரப்பானை, துருப்பிடித்த பட்டையை, லேபுக்கு அனுப்பாமல் விட்ட இரண்டு நாளை, எழுதிய பொய்யை. கேஸ் ஷீட்டை எடுத்து அந்த இரண்டு வரியை அடித்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எட்டாம் கட்டில்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டர் வாசற்படியிலேயே நின்றார். கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்க அவருக்கு வாய் வரவில்லை.

வடிவு எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. நேராக ஆறாம் கட்டிலுக்குப் போய், கட்டுப் போட்ட கையைத் தொடாமல் மேலாகவே பார்த்தாள்.

"அழுவாதே" என்றான் பரந்தாமன். "இன்னும் மூணு கீதில்ல. கட்டவெரலு கீது. டம்ளரு புடிக்கலாம்."

"பிரஸ்ஸு?"

அவன் கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

ஞானகுமாரி கட்டிலின் மறுபக்கம் வந்து நின்றாள். இருபது வருஷமாக நோயாளிகளை நிமிர்ந்து நின்று அதட்டியவளுக்குத் தலை நிமிரவில்லை.

"வடிவு… என்னை மன்னிச்சுடும்மா. பூச்சிக்கு வெட்கம் கிடையாது. சாக்கடையிலயும் நடக்கும், புண்ணுலயும் நடக்கும். வெட்கப்பட வேண்டியது நான். கண்ணுக்குத் தெரியற எடத்தை மட்டும் தொடச்சேன். திட்டுவேன்னு பயந்து யாரும் என்கிட்ட குறையைச் சொல்லல. குறை தெரிஞ்சப்புறமும் அதை உன் தலையில கட்டிட்டு நான் சுத்தமா நின்னேன்."

வடிவு நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். கோபமாகவும் இல்லை, இரக்கமாகவும் இல்லை.

"மன்னிப்பெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் சிஸ்டரம்மா. மொதல்ல போய், இன்னும் எந்தெந்த ரூம்ல எதெது ஓடிகினு கீதுன்னு பாருங்கோ. எங்க மேல அழுக்கு கீதான்னு தேடின நேரத்துல உங்க ரூம்ல தேடியிருந்தா, இந்த மனுசனுக்கு அஞ்சு வெரலும் இருந்திருக்கும்."